மழைக் கணக்கை மீட்ட மக்கள்

வானிலிருந்து விழும் மழையை அளப்பது பெரிய வித்தையன்று. வாயகன்ற கலம் ஒன்று, அதில் சேர்ந்த நீரை அளக்க ஒரு கண்ணாடிக் குழல், அளந்ததை எழுத ஓர் ஏடு; இம்மூன்றும் இருந்தால் போதும். ஆனால், நாள் தவறாமல் அளப்பதும், அளந்ததை ஆண்டுக் கணக்கில் எழுதி வருவதும், எழுதியதை அழியாமல் காப்பதும் எளிய செயல்கள் அல்ல. அவ்வாறு காத்த ஏட்டைப் பிற்காலத்தார் ஒருவர் எடுத்துப் படிப்பது அவற்றினும் அரிது.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1677ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை எழுதப்பட்ட மழைக் கணக்கு, அறுபத்தையாயிரம் தாள்களாக ஓர் ஆவணக் காப்பகத்தில் இருந்தது. தாள்கள் பத்திரமாகவே இருந்தன. ஆனால், அவற்றுள் பெரும்பகுதியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த வழியில்லாமல் இருந்தது. 2020ஆம் ஆண்டில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பொதுமக்கள், தத்தம் வீட்டில் இருந்தபடியே இணையத்தின் வழியாக அத்தாள்களைப் படித்து, எண்களைக் கணினியில் பதிந்து கொடுத்தனர். பதினாறே நாளில் அப்பணி முடிந்தது. பெரும்பாலும் ஊதியம் கருதாத மக்கள் எழுதிவைத்த கணக்கை, ஊதியம் கருதாத மக்களே மீட்ட இவ்வரலாறு ஆசிரியப் பெருமக்கள் அறிந்து மாணவர்க்கு எடுத்துக் கூறத்தக்கது.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். மழையின் பெருமையை உழவை உயிராகக் கொண்ட நாடுகள் யாவும் உணர்ந்திருந்தன. ஆயினும், பெருமையை உணர்வது வேறு. அளவை அறிவது வேறு. கௌடிலியரின் பொருள்நூல், களஞ்சியத்தில் ஒரு முழ அகலம் வாயுள்ள கலம் ஒன்றை மழையளக்க வைக்குமாறு விதிக்கிறது. கொரிய நாட்டில் பதினைந்தாம் நூற்றாண்டில், செசோங் மன்னர் காலத்தில், ஒரே அளவாகச் செய்த மழைமானிகள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன. இவ்விரண்டிலும் அளக்கச் சொன்னது அரசு. நோக்கம் விளைச்சலும் வரியும்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு வகை. அங்கே லங்காஷயர் வட்டாரத்தில் ரிச்சர்ட் டௌன்லி என்னும் பெருநிலக்கிழார் 1677ஆம் ஆண்டில் தம் மாளிகைக் கூரையின்மேல் ஒரு புனலை வைத்தார். அதிலிருந்து ஈயக் குழாய் ஒன்றை இறக்கித் தம் அறைச் சாளரத்தின் அருகே கொணர்ந்து, விழுந்த நீரை அளந்து எழுதினார். மழையில் நனையாமல் மழையை அளந்த அவருடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்! அவரை அளக்குமாறு அரசும் கேட்கவில்லை, பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. அறிவு வேட்கையால் அவராகவே தொடங்கினார். பின்னர் வந்த பலரும் அப்படித்தான். பாதிரிமார், மருத்துவர், நிலக்கிழார், தோட்டக்காரர், நீர்த்தேக்கக் காவலர் எனப் பலதிறத்தாரும் ஆங்காங்கே மழையை அளந்து வந்தனர். ஆனால், ஒருவர் அளப்பது மற்றவர்க்குத் தெரியாது. ஒருவர் கலத்தைக் கூரைமேல் வைப்பார். மற்றொருவர் தரைமேல் வைப்பார். ஒருவர் காலையில் அளப்பார். மற்றொருவர் நினைத்தபோது அளப்பார். ஆதலால், ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் கணக்கோடு ஒப்பிடுவது அரிதாயிற்று.

இந்நிலையை மாற்றியவர் ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பவர். 1838ஆம் ஆண்டில் லண்டனில் பிறந்த இவர், இளமையிலேயே வானிலை ஆராய்ச்சியில் நாட்டங் கொண்டார். 1850ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அடுத்தடுத்து மழை குறைந்தது. தொழிற்சாலைகள் பெருகிய காலம் அது. நகரங்களில் மக்கள் தொகையும் பெருகிக் கொண்டிருந்தது. குடிநீருக்கு என் செய்வது, நாட்டில் மழையே குறைந்து வருகிறதா என்னும் கவலை பலர்க்கும் எழுந்தது. கவலைக்கு விடை கூறக் கணக்கு இல்லை. சைமன்ஸ் அக்கணக்கைத் திரட்ட முனைந்தார்.

1860ஆம் ஆண்டில் அவருக்கு வயது இருபத்திரண்டு. அவ்வாண்டுக்கு அவர் வெளியிட்ட முதற் கணக்கில் 168 இடங்களின் மழையளவு இருந்தது. அரசாங்கத்தின் வானிலைத் துறையில் அவர் அப்போது அலுவல் பார்த்தார். மழைப்பணி பெருகவே, 1863ஆம் ஆண்டில் அவ்வலுவலை விட்டு விலகினார். கடிதங்கள் எழுதியும் செய்தித்தாள்கள் வாயிலாக வேண்டியும் மேன்மேலும் ஆட்களைச் சேர்த்தார். சேர்ந்தவர்க்குக் கொடுக்க அவரிடம் பொருள் இல்லை, விதிகளே இருந்தன. மழைமானி எத்தனை அங்குல உயரத்தில் இருக்க வேண்டும், மரத்திலிருந்தும் சுவரிலிருந்தும் எவ்வளவு விலகியிருக்க வேண்டும், காலை 9 மணிக்கு அளக்க வேண்டும், அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு வரை எழுத வேண்டும் என்றெல்லாம் வகுத்தார். தாமே ஊர் ஊராகச் சென்று மழைமானிகளைப் பார்வையிட்டார். 1900ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது மூவாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து அவருக்குக் கணக்கு வந்துகொண்டிருந்தது. அவர் நிறுவிய பிரிட்டிஷ் மழைப்பதிவுக் கழகம் 1919ஆம் ஆண்டில் அந்நாட்டு வானிலை அலுவலகத்தோடு இணைந்தது.

தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. விடியலில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் அன்று பால்மரம் சீவ முடியாது. வேலையும் போயிற்று, கூலியும் போயிற்று. அதனாலேயே தோட்ட அலுவலகத்தின் முன் மழைமானி நட்டு, அளவை ஏட்டில் எழுதும் வழக்கம் மலாயாத் தோட்டங்களில் இருந்து வந்தது. அங்கே அதனை எழுதியவர் சம்பளம் பெற்ற கிராணியார். சைமன்சுக்கு எழுதியனுப்பியவரோ, பெரும்பாலும், யாருடைய ஏவலும் இன்றி எழுதியவர்.

அவ்வாறு வந்த கணக்குகள் பத்தாண்டுத் தாள்கள் என்னும் படிவங்களில் தொகுக்கப்பட்டன. ஒரு தாள் என்பது ஓர் இடத்தின் பத்தாண்டு மழை. குறுக்கே பத்து ஆண்டுகள்; நெடுக்கே பன்னிரண்டு மாதங்கள்; ஒவ்வோர் ஆண்டின் அடியிலும் அவ்வாண்டின் கூட்டுத்தொகை. தலைப்பில் இடத்தின் பெயர், அளந்தவர் பெயர், மழைமானியின் விட்டம், அது தரைக்கு மேல் எவ்வளவு உயரம், கடல் மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரம் என்னும் செய்திகள் இருக்கும். இத்தாள்களே எக்ஸிட்டர் நகரிலுள்ள வானிலை ஆவணக் காப்பகத்தில் அறுபத்தையாயிரமாகப் பெருகியிருந்தன. காப்பகத்தார் அவற்றைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றினர்.

படமெடுத்துவிட்டால் பணி முடிந்ததன்றோ எனச் சிலர் கருதலாம். அன்று. கணினிக்குப் படம் வேறு, எண் வேறு. தாளின் படத்தைத் திரையில் காட்ட அதற்குத் தெரியும். அத்தாளில் உள்ள பன்னிரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் கூட்டத் தெரியாது. அச்செழுத்தை ஒருவாறு படிக்கும் பொறிகள் இருந்தன. ஆனால், ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தில், மை மங்கி, ஒன்றும் ஏழும் மயங்கி, திருத்தமும் அடித்தலுமாய்க் கிடக்கும் எண்களைப் பிழையின்றிப் படிக்கும் பொறி அப்போது கிட்டவில்லை. மனிதக் கண் வேண்டும். ஒரு கண் போதாது. ஆயிரம் கண் வேண்டும்.

பலர் கூடி அறிவுப் பணி செய்யும் முறை இணையத்தோடு பிறந்ததன்று. 1879ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மர்ரே என்னும் அறிஞர், பின்னாளில் ஆக்ஸ்போர்டு அகராதி எனப் பெயர் பெற்ற பேரகராதிக்காக, ஆங்கிலம் படிக்கும் மக்கள் அனைவரையும் நோக்கி ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படித்து, சொற்கள் ஆளப்பட்ட இடங்களைச் சிறு சீட்டுகளில் எழுதி அனுப்புமாறு கேட்டார். இலட்சக்கணக்கான சீட்டுகள் அஞ்சலில் வந்து குவிந்தன. இணையம் செய்தது, அஞ்சலுக்குத் தேவைப்பட்ட நாட்களைக் கழித்ததும், ஆவணத்தையே வீட்டுக்குக் கொணர்ந்ததும் ஆகும். காப்பகத்தின் பூட்டிய அறையில் இருக்கும் தாளை, அதற்கு ஒரு சேதமும் இன்றி, ஒரே நேரத்தில் பல்லாயிரவர் தம் திரையில் காண இயலும் என்னும் நிலை மர்ரேக்குக் கிட்டாத பேறு.

அப்பேற்றை வானிலை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திய பெருமுயற்சி, 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய ‘பழைய வானிலை’ என்னும் திட்டம். முதல் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் லண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருந்தன. கப்பல் எங்கே சென்றாலும், நாளொன்றுக்குப் பலமுறை காற்றின் திசை, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றைக் குறிக்கும் கடமை மாலுமிகளுக்கு இருந்தது. நடுக்கடலில் வானிலை நிலையம் ஏது? ஆதலால், கடலின் பழைய வானிலையை அறிய இவ்வேடுகளே கதி. தொண்டர்கள் ஒரு கப்பலைத் தேர்ந்துகொண்டு அதன் ஏட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தனர். மிகுதியான பக்கங்களைப் படித்தவர் அக்கப்பலுக்குக் ‘கேப்டன்’ எனப்பட்டார். இது விளையாட்டுப் போலத் தோன்றினும், பட்டத்துக்காகவே எவரும் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்திரார். கப்பலில் யார் நோயுற்றார், யார் இறந்தார், 1918ஆம் ஆண்டின் நச்சுக்காய்ச்சல் எத்துறைமுகத்தில் ஏறிற்று என்பன போன்ற செய்திகள் அவர்களை இழுத்துப் பிடித்தன. வானிலை எண்களை மட்டும் கேட்டிருந்தும், பலர் இச்செய்திகளையும் கூடவே எழுதி வைத்தனர். இரண்டாண்டுக்குள் ஏறத்தாழ பதினாறு இலட்சம் வானிலைக் குறிப்புகள் திரண்டன.

அடுத்து, ரெடிங் பல்கலைக்கழகத்து அறிஞர் எட் ஹாக்கின்ஸ் 2017ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக் கணக்கை எடுத்தார். அம்மலை பிரிட்டனிலேயே மிக உயர்ந்தது. அதன் உச்சியில் 1883ஆம் ஆண்டு முதல் 1904ஆம் ஆண்டு வரை ஒரு வானிலை நிலையம் இருந்தது. மணிக்கு ஒருமுறை, நள்ளிரவாயினும் பனிப்புயலாயினும், வெளியே சென்று அளந்து எழுதினர். அந்நிலையம் கட்டப்படுமுன், 1881ஆம் ஆண்டுக் கோடையில், கிளமென்ட் ராக் என்பவர் நாள்தோறும் மலையேறி இறங்கி அளவெடுத்தார் என்றால் அவர் உறுதியை என்னென்பது! இக்கணக்கையும் பல்லாயிரம் தொண்டர் படித்து முடித்தனர். அவ்வனுபவமே மழைத் தாள்களைப் பொதுமக்களிடம் ஒப்படைக்கும் துணிவைத் தந்தது எனலாம்.

2020ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கொரோனாத் தொற்றை முன்னிட்டு பிரிட்டிஷ் மக்கள் வீட்டில் அடங்கியிருக்குமாறு அரசு ஆணையிட்டது. மூன்று நாள் கழித்து, மார்ச் 26ஆம் நாள், ‘மழைப்பதிவு மீட்பு’ என்னும் திட்டம் ‘சூனிவர்ஸ்’ எனப்படும் இணையத் தளத்தில் தொடங்கிற்று. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த மக்களுக்குப் பயனுள்ள ஒரு வேலை கிடைத்தது. வேலையும் மிக எளிது. திரையில் ஒரு தாளின் படம் தோன்றும். அதில் ஓர் ஆண்டின் பத்தியை மட்டும் எடுத்து, சனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு எண்களையும், அடியில் உள்ள கூட்டுத்தொகையையும் பதிய வேண்டும். சில நிமிடம் போதும். தேர்வு இல்லை, சான்றிதழ் கேட்பார் இல்லை. விரும்பியவர் ஒரு பத்தி பதிந்து போகலாம். நாள் முழுதும் பதியலாம்.

பல மாதம் ஆகும் எனக் கருதப்பட்ட பணி பதினாறு நாளில் முடிந்தது. மீட்கப்பட்ட மாத மழையளவுகள் ஐம்பத்திரண்டு இலட்சத்துக்கு மேல். இது எத்துணைப் பெரிய தொகை என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒருவர் மூன்று நொடிக்கு ஓர் எண் வீதம், நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இடையறாது பதிந்தால், ஒரு நாளில் 9,600 எண்கள் ஆகும். ஐம்பத்திரண்டு இலட்சம் எண்ணுக்கு 540 நாளுக்கு மேல் வேண்டும். ஆனால், ஒவ்வோர் எண்ணையும் ஒருவர் மட்டும் பதியவில்லை; குறைந்தது நால்வர் பதிந்தனர். அப்படியானால் இரண்டாயிரத்து நூற்றறுபது நாள். ஆண்டுக்கு முந்நூறு வேலைநாள் எனக் கொண்டாலும் ஏழாண்டுக்கு மேல் ஒருவர் உயிரை வாங்கும் வேலை!

ஏன் நால்வர்? இங்கேதான் அறிஞர் சிலர் எழுப்பும் ஐயத்துக்கு விடை இருக்கிறது. பயிற்சி பெறாத பொதுமக்கள் படித்தால் பிழை மலியாதோ என்பது அவ்வையம். தமிழாசிரியர்க்கு இது புதியதன்று. ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியவர் யாவரும் புலவர் அல்லர். ஒரு சுவடியின் பிழை மற்றொரு சுவடியால் வெளிப்பட்டது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கியே 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். மழைக் கணக்கிலும் அதே முறைதான். ஒருவர் 1.87 எனவும், மற்ற மூவர் 7.87 எனவும் பதிந்தால், உண்மை எது என ஊகிக்கலாம். அதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. பன்னிரண்டு மாத எண்களையும் கூட்டினால், அன்றைக்கு அளந்தவர் அடியில் எழுதிய கூட்டுத்தொகை வர வேண்டும். வரவில்லையெனில், படித்தவர் தவறினாரா, எழுதியவர் கூட்டலில் தவறினாரா என்று தேட வேண்டும். இரண்டுமே நேர்வதுண்டு.

‘பழைய வானிலை’த் திட்டத்தை நடத்தியவர்கள் தம் கப்பற் குறிப்புகளை ஆராய்ந்து ஒரு கணக்குக் கூறினர். ஆயிரம் குறிப்புகளில், தொண்டர் தவறாகப் படித்ததால் இழக்கப்படுவன மூன்று. எவராலும் படிக்க இயலாதவாறு எழுத்து மங்கியவை பத்து. கப்பலில் எழுதும்போதே தவறாக எழுதப்பட்டவை குறைந்தது மூன்று. அதாவது, இன்று வீட்டிலிருந்து படித்த மக்களின் பிழை, அன்று கப்பலில் கடமையாக எழுதிய மாலுமிகளின் பிழைக்கு மேற்படவில்லை. ஆஸ்திரேலியத் தேசிய நூலகமும் 2008ஆம் ஆண்டில் ஒரு துணிந்த செயல் செய்தது. பழைய செய்தித்தாள்களைப் பொறி படித்தபோது விளைந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தும் உரிமையை, முன்கூட்டிச் சரிபார்க்கும் காவல் எதுவும் வைக்காமல், பொதுமக்களுக்கு அளித்தது. வேண்டுமென்றே கெடுப்பார் உண்டு என்று அஞ்சியோர் இருந்தனர். நடந்ததோ, இலட்சக்கணக்கான வரிகளின் திருத்தம். மக்களை நம்பாமையே இத்துறையில் பெரிய இடையூறு என்று சொல்லத் தோன்றுகிறது.

மழைத் தாள்கள் எண்களை மட்டும் தரவில்லை. அளந்தவர்களையும் காட்டின. பேனிங் சீமாட்டி என்பவர் 1835ஆம் ஆண்டு முதல் 1887ஆம் ஆண்டு வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், மழையளந்தார். செல்வர் குடும்பங்கள் விருந்துக்கும் கேளிக்கைக்குமாக லண்டனுக்குக் குடிபெயரும் பருவத்தில் அவரும் சென்றார். மழைமானியும் உடன் சென்றதாகத் தாள்கள் காட்டுகின்றன. நாட்டு வரலாற்று நூல்களில் இவருக்கு இடம் இல்லை. தாளைப் படித்த தொண்டர்களின் வாயிலாகவே இவர் இன்று பலர்க்கும் அறிமுகமானார்.

இணையத்தில் பதிந்த வேலை பதினாறு நாளில் முடிந்தாலும், கணக்கு உருப்பெற இரண்டாண்டு ஆயிற்று. செய்தித்தாள்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன; உண்மையில் கடினமான வேலை இதுதான். ஒரே இடம் மூன்று தாளில் மூன்று விதமாகப் பெயரிடப்பட்டிருக்கும். ‘பாதிரியார் இல்லம்’ என்று மட்டும் இருக்கும்; எந்த ஊர்ப் பாதிரியார் எனத் தேட வேண்டும். மழைமானி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கும். இவற்றைப் பழைய நிலப்படங்களோடு ஒப்பிட்டு, எந்தக் கணக்கு எந்த இடத்துக்கு உரியது என உறுதி செய்ய வேண்டும். பதினாறாயிரவருள் ஒரு சிறு குழுவினர் விலகாமல் நின்று இதனைச் செய்தனர். 2022ஆம் ஆண்டு மார்ச்சில் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபோது, அத்தொண்டருள் எண்மர் பேராசிரியரோடு கட்டுரை ஆசிரியர்களாகவே பெயர் பெற்றனர். நன்றியுரையின் கடைசி வரியில் ஒதுக்கிவிடாமல் ஆசிரியர் வரிசையில் அமர்த்தியது முறையான செயல்.

கிடைத்த பயன் யாது? பிரிட்டனின் மாத மழைக் கணக்கு அதற்குமுன் 1862ஆம் ஆண்டிலிருந்தே தொடங்கிற்று. அதிலும், 1862ஆம் ஆண்டுக்குக் கணினியில் இருந்தது பத்தொன்பது மழைமானிகளின் கணக்கு மட்டுமே. இப்போது அவ்வாண்டுக்கு எழுநூறுக்கு மேற்பட்ட மழைமானிகளின் கணக்கு உண்டு. தொடக்கமும் 1836ஆம் ஆண்டுக்கு, விக்டோரியா அரசியார் முடிசூடுவதற்கு முந்திய காலத்துக்கு, பின்சென்றது. 1844ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டின் சராசரி மழை பத்து மில்லிமீட்டருக்கும் குறைவு. அத்துணை வறண்ட மே அக்கணக்கில் வேறில்லை. 1852ஆம் ஆண்டின் இறுதி இரு மாதங்களோ மழை கொட்டித் தீர்த்தவை. 1836ஆம் ஆண்டு முதல் இன்றளவும் தொகுத்த கணக்கில் மிக வறண்ட ஆண்டு 1855.

1855 என்னும் அவ்வாண்டை நோக்குக. நாட்டில் மழை குறைகிறதா என்னும் கவலை பரவிய காலம் அதுவே. சைமன்ஸ் மழைக் கணக்கைத் திரட்டப் புறப்பட்டதற்குக் காரணமான வறட்சி அதுவே. அவருக்கு அன்று அதனை நாடு முழுமைக்கும் அளந்து காட்டச் சான்று போதவில்லை. நூற்றறுபது ஆண்டுக்குப் பின், அவர் திரட்டிய தாள்களிலிருந்தே அச்சான்று கிடைத்தது.

பழைய வறட்சியை அறிந்து ஆவதென்ன என வினவுவார்க்கு நீர்த்தேக்கம் கட்டுவோர் விடை கூறுவர். ஓர் ஊருக்கு எவ்வளவு நீர் சேமித்து வைக்க வேண்டும் என்பது, அவ்வூர் கண்ட மிகக் கொடிய வறட்சி எது என்பதைப் பொறுத்தது. கணக்கு அறுபது ஆண்டுக்கே இருந்தால், அறுபது ஆண்டில் நேராத வறட்சி இனியும் நேராது என்று ஏமாறுவோம். வெள்ளத்துக்கும் இதுவே பொருந்தும். உலகின் வெப்பம் உயர்ந்துவரும் இக்காலத்தில், எந்த மாறுதல் புதியது, எது முன்பும் நேர்ந்தது எனப் பிரித்தறியவும் நீண்ட கணக்கு வேண்டும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரிட்டனில் பெருமழை பெய்தது. மீட்ட கணக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்த பின்னும் அதுவே மிகுமழை பெற்ற பிப்ரவரியாக நின்றது.

இனி, ஒரு தடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஊதியம் கொடுத்துச் செய்விக்க வேண்டிய வேலையைத் தொண்டு என்னும் பெயரால் இலவசமாகப் பெறுவது நேர்மையா? உழைப்பின் விலையை அறிந்த மக்களிடையே இவ்வினா எழுவது இயல்பே. காப்பகத்தில் ஆளைக் குறைத்துவிட்டு, அவர் வேலையைத் தொண்டரிடம் தள்ளுவது நேர்மையன்று. மழைத் தாள்களில் அது நிகழவில்லை. தாள்களைக் காத்ததும், படமெடுத்ததும், கணக்கை ஆராய்ந்ததும் ஊதியம் பெற்ற அலுவலரே. தொண்டர் செய்தது, எந்த நிறுவனமும் ஏழாண்டுச் சம்பளம் ஒதுக்கிச் செய்திராத வேலை. மீட்ட கணக்கும் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்துமாறு திறந்து வைக்கப்பட்டது. உழைத்தவர் பெயரை மறைப்பதும், உழைப்பின் பயனைப் பூட்டி விற்பதும் இல்லாதவரை, தொண்டு தொண்டாகவே நிற்கும்.

கையெழுத்தைப் படிக்கும் பொறிகள் இப்போது முன்னேறி வருகின்றன. இத்தொண்டுக்கு இனி இடமில்லை என்பாரும் உளர். அப்பொறிகள் எங்கே கற்றன? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மெய்யியலறிஞர் ஜெரமி பெந்தாமின் கையெழுத்துத் தாள்கள் பல்லாயிரம் உள்ளன. 2010ஆம் ஆண்டு முதல் பொதுமக்கள் அவற்றைப் படித்துப் பெயர்த்தெழுதினர். சிலர் மட்டுமே பெரும்பகுதியைச் செய்தனர் என்பதும் அங்கே கண்ட உண்மை. அவர்கள் எழுதிய படிகளைக் கொண்டே பின்னர்க் கையெழுத்துப் படிக்கும் பொறிக்குப் பயிற்சி அளித்தனர். பொறி படித்ததைச் சரிபார்க்க இன்னும் ஆள் வேண்டும்.

தமிழில் இத்தகைய கூட்டுப்பணி முன்னரே தொடங்கிற்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் ‘மதுரைத் திட்டம்’ பிறந்தது. பல நாடுகளில் வாழும் தமிழர் பண்டை நூல்களைக் கணினியில் தட்டச்சிட, வேறு சிலர் மெய்ப்புத் திருத்த, நூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. அவை பெரும்பாலும் அச்சான நூல்கள். கையெழுத்து ஆவணங்களுக்குச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 2015ஆம் ஆண்டு மார்ச்சில் வழி திறந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளின் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கையெழுத்துக் கடிதங்களைப் படித்துப் பெயர்த்தெழுதுமாறு பொதுமக்களை அழைத்தது. பழைய ஆங்கிலக் கையெழுத்து படிக்க வராதவர்க்கும் அங்கே வேலை இருந்தது. விவரம் குறிக்கப்படாத பழைய நிழற்படங்களைப் பார்த்து, படத்தில் நிற்பவர் யார், பின்னால் தெரியும் கடை எந்தத் தெருவில் இருந்தது, நடக்கும் விழா எது என அறிந்தவர் எழுதலாம். இவ்வேலைக்குப் பட்டம் பெற்றவரினும் அத்தெருவில் வாழ்ந்த முதியவரே ஏற்றவர்.